ஃபாண்ட் போனால் எழுத்தும் போகுமா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், 'வீட்டுக் கணினிக்குத் தேவையான சின்ன மென்பொருள்கள்' என்ற தலைப்பில், மேலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டிடிபி வேலை பார்த்த நம் குடியிருப்புச் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதும் வெளியிடுகிறோம்.)



சின்ன மென்பொருள்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சின்ன மென்பொருள் என்றால் நிறைய இருக்கிறது. ஜிப் கோப்பைப் பிரிப்பது, பிடிஎஃப் பக்கங்களை ஒன்றாகச் சேர்ப்பது, படத்தின் அளவைக் குறைப்பது என்று பட்டியல் போட்டால் இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதனால் நம் எல்லார் வீட்டுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணினியில் தமிழ் அடிக்கும் மென்பொருளும், பழைய தமிழைப் புதிய தமிழாக மாற்றும் மென்பொருளும்தான் அது. இரண்டும் அளவில் சின்னவை. ஆனால் நம் வீட்டுக் காகிதங்களும் சங்கத்துக் காகிதங்களும் இன்னும் இருபது வருடம் கழித்துப் படிக்கக் கிடைக்குமா என்பது அவற்றின் கையில் இருக்கிறது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் நம் குடியிருப்பிலேயே பல வீடுகளில் கணினி மாற்றியிருக்கிறீர்கள். இன்னும் சிலர் மாற்றப் போகிறீர்கள். கணினி மாற்றும்போது போட்டோவை எடுத்து வைக்கிறோம், வேர்டு கோப்புகளை எடுத்து வைக்கிறோம். ஃபாண்டை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வைரஸ் என்று நினைத்த வாழ்க்கை வரலாறு

நம் குடியிருப்பில் ஒரு அம்மா இருக்கிறார்கள். அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாவதற்கு முந்தைய சில வருடங்களில் தன் வாழ்க்கையை உட்கார்ந்து கணினியில் அடித்து வைத்திருக்கிறார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் நாளுக்காக ஊரே காத்திருந்தது, முதல் வேலைக்குச் சைக்கிளில் போனது, பிள்ளைகள் பிறந்தது எல்லாம் அதில் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பக்கம்.

பேரன் புது மடிக்கணினி வாங்கி அதில் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பொருளில்லாத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. "பாட்டி, இது வைரஸ் பிடித்த கோப்பு, அழித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறான். நல்ல வேளை, அந்த அம்மா "இருப்பா, யாரிடமாவது காட்டிவிட்டு அழிக்கலாம்" என்று சொல்லி என்னிடம் கொண்டு வந்தார்கள். பார்த்த உடனே தெரிந்தது, அது பாமினி. மாற்றி மென்பொருளில் போட்டுத் தமிழாக மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிழை பார்க்க மட்டும் இரண்டு நாள் பிடித்தது.

கோப்பில் எந்தப் பழுதும் இல்லை. புதுக் கணினியில் பாமினி ஃபாண்ட் இல்லை, அவ்வளவுதான். இதே மாதிரிக் கோப்புகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். பழைய பென் டிரைவிலும் சிடியிலும் தேடிப் பாருங்கள்.

உள்ளே நடப்பது என்ன?

கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ஆரம்ப காலத்தில் ஒரு ஃபாண்டுக்குள் 256 இடங்கள்தான். முதல் பாதி ஆங்கிலத்துக்கு என்று ஒதுக்கியாயிற்று. தமிழுக்கு என்று தனி இடம் கிடைக்காத அந்தக் காலத்தில், நம் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினி அப்படிப்பட்ட ஃபாண்ட்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். பாமினி ஃபாண்ட் இருந்தால் அந்த ஆங்கிலத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிக் காட்டும். ஃபாண்ட் போனால் வேஷம் கலைந்துவிடும்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தட்டச்சுப் பொறியிலிருந்து. இங்கே தட்டச்சு படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இடது கைக்கு ய, ள, ன, க; வலது கைக்கு த, ம, ட, சுண்டு விரலுக்குப் புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ரா. முத்தையா அவர்கள் 1930-களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த அமைப்பு அது. லோயர், ஹையர் பாஸ் செய்த கை கணினிக்கு மாறும்போது பழகிய விசையை விட மனம் வராது. அதனால்தான் பாமினி ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் அவ்வளவு பரவியது.

பாமினி ஒன்றுதான் என்றால்கூடப் பரவாயில்லை. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி, வேறு இடங்களில் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் எழுத்து உட்காரும் இடம் வேறு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, அச்சகத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வினாத்தாள் என்று மூன்று வேலை வந்தால், டிடிபி கடையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி "என்ன ஃபாண்டு?" என்பதுதான். 'க' என்று ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினி வேறு எழுத்தாகக் காட்டிய காலம் அது.

இதற்கு முடிவு கட்ட வந்ததுதான் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி. உலக மொழிகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தனித் தெரு. அதில் 'க'வின் கதவிலக்கம் 2965. மேலூரில் அடித்தாலும் மலேசியாவில் அடித்தாலும் 'க' என்றால் 2965தான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 2980, 2990, 3007, 2996, 3021. எந்த ஃபாண்ட் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அந்த எண்கள் தமிழைத் தவிர வேறு எதையும் குறிக்காது. நம் கைபேசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். அதனால்தான் அங்கே "ஃபாண்ட் அனுப்புங்கள்" என்று யாரும் கேட்பதில்லை.

விண்டோஸில் தமிழ் ஒருங்குறி 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை வெளியிட்டது. இவ்வளவு வருடம் ஆகியும் பழைய ஃபாண்ட் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அச்சகங்களில் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள் வெகுகாலம் ஓடியது. அதற்கு ஒருங்குறி தெரியாது. பத்திரிகைக்கும் சுவரொட்டிக்கும் வேண்டிய அழகான, தடித்த ஃபாண்டுகளும் பழைய முறையில்தான் ஏராளம். கை பழகிவிட்டது என்ற காரணம் எல்லாவற்றுக்கும் மேலே.

இதில் நமக்கு என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், தேட முடியாது. பழைய ஃபாண்டில் இருக்கும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'பராமரிப்பு' என்று தேடினால் ஒன்றும் வராது. ஏனென்றால் உள்ளே 'பராமரிப்பு' என்ற சொல்லே இல்லை. ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட எந்த வருடம் தீர்மானம் போட்டோம் என்று பார்க்க ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும்.

இரண்டாவது, அனுப்ப முடியாது. வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பை. கைபேசியில் திறந்தாலும் பெரும்பாலும் குப்பை.

மூன்றாவது, நம்மில் பலர் யோசிக்காதது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கணினியில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். என்விடிஏ என்று ஒன்று, இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் ஒருங்குறித் தமிழை மட்டும்தான் வாசிக்கும். பாமினியில் அடித்த சுற்றறிக்கையை அதில் கொடுத்தால் ஜே, கே, பி என்று ஆங்கில எழுத்துகளாக உளறும். நம் சங்கத்துச் சுற்றறிக்கையைப் பிறர் உதவி இல்லாமல் தானே கேட்டறியும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

நான்காவது, வருங்காலம். நம் ஊர்ப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். மாங்குளம், மீனாட்சிபுரம் பக்கத்து மலைக் குகைகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது. ராபர்ட் சீவெல் 1882-இல் அதைக் கண்டு சொன்னார். அது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-இல். கல்லில் எழுத்து அழியாமல் இருந்தது; ஆனால் எந்தக் குறி எந்த எழுத்து என்ற திறவுகோல் மக்களிடம் மறந்துபோயிருந்தது. கண்ணெதிரே இருந்தும் படிக்க ஆள் இல்லை. பாமினிக் கோப்புக்கும் அதே கதிதான் காத்திருக்கிறது. இன்றைக்கு மாற்றி மென்பொருள் இருக்கிறது, எந்த ஃபாண்ட் என்று அடையாளம் சொல்ல என்னைப்போல் நாலு பேர் இருக்கிறோம். முப்பது வருடம் கழித்து?

2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரமே எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் எத்தனை மனு, எத்தனை துண்டறிக்கை அடித்திருப்பார்கள்! நாளைக்கு ஒரு மாணவி அந்தப் போராட்டத்தை ஆராய்ச்சி செய்ய வந்தால், ஒருங்குறியில் அடித்தவை தேடிய உடனே கிடைக்கும். பழைய ஃபாண்டில் அடித்தவை எங்கோ ஒரு கணினியில் கிடந்தாலும் கிடைக்காது.

எதில் அடிக்கலாம்?

இப்போது அனுபவத்துக்கு வருகிறேன். தமிழ் அடிக்க மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் ஒருங்குறி வரும். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று மட்டும் பாருங்கள்.

ஒன்று, ஆங்கில ஒலியில் அடிப்பது. ஆங்கில விசையில் 'ஏ, எம், எம், ஏ, ஏ' என்று தட்டினால் 'அம்மா' வரும். ஒரே நாளில் பழகிவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுபவர்களுக்கு இது போதும். தொந்தரவு எங்கே என்றால் ல, ள, ழ. ண, ந, ன. எதற்குப் பெரிய எழுத்து, எதற்குச் சின்ன எழுத்து என்று மறந்துபோகும். பக்கம் பக்கமாக அடிப்பவர்களுக்கு இது கையைச் சோர வைக்கும்.

இரண்டு, தமிழ் 99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைப் பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைப் பக்கம். ஷிப்ட் விசை தேவைப்படுவது அபூர்வம். புள்ளியைப் பெரும்பாலும் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. 'ந' அடித்து 'த' அடித்தால் 'ந்த' வந்துவிடும். 'மமதை' மாதிரிச் சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் நடுவில் ஓர் 'அ' தட்ட வேண்டும். பழக இரண்டு வாரம் ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்று, பழைய தட்டச்சு அமைப்பு. லோயர், ஹையர் முடித்தவர்கள் பழகிய விசையைக் கைவிட வேண்டாம். கை பழைய முறையில் தட்டட்டும். மென்பொருள் அதை ஒருங்குறியாகப் பதிந்துகொள்ளும். ஓய்வு பெற்ற பல அலுவலர்கள் "யூனிகோடு என்றால் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்" என்று பயந்துபோய் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. நான் இப்படித்தான் அடிக்கிறேன். என் வேகம் ஒரு சொல்கூடக் குறையவில்லை.

இனி மென்பொருள். தமிழ் 99-உம் ஒலிமுறை விசைப்பலகையும் இன்றைய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கின்றன. எதையும் இறக்க வேண்டாம். அமைப்புகளுக்குள் போய், நேரமும் மொழியும் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

தட்டச்சு அமைப்பு வேண்டுவோருக்குத்தான் தனி மென்பொருள் தேவை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர், முகுந்த் அவர்களும் தமிழா குழுவினரும் கொண்டுவந்த இ-கலப்பை, விசுவநாதன் அவர்களின் அழகி ஆகியவை பல ஆண்டுகளாகப் பலர் இலவசமாகப் பயன்படுத்தி வருபவை. மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களிலிருந்து வளர்த்துவரும் முரசு அஞ்சலும் உண்டு. அவருடைய செல்லினம் கைபேசிக்கானது. தனி மனிதர்களும் சிறு குழுக்களும் தங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்து கொடுத்தவை இவை. நாம் இன்றைக்குத் தமிழில் தட்டுகிறோம் என்றால் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சின்ன மென்பொருளுக்கு ஆயுளும் சின்னதாக இருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். கூகுள் இன்புட் டூல்ஸ் என்று ஒன்றைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். இணையம் இல்லாமலே விண்டோஸில் ஓடும். கூகுள் மாதிரிப் பெரிய நிறுவனமே அந்தப் பதிப்பைத் தருவதை நிறுத்திவிட்டது. இணையப் பக்கமும் குரோம் நீட்டிப்பும்தான் மிஞ்சின. ஆனால் அதில் அடித்து வைத்த கடிதங்களுக்கு ஒரு கீறலும் இல்லை, ஏனென்றால் அவை ஒருங்குறி. மென்பொருள் வரும், போகும். எழுத்து நிற்க வேண்டும். அந்த ஒரு சோதனையை மட்டும் எந்தத் தமிழ் மென்பொருளுக்கும் வைத்துப் பாருங்கள்: இதில் ஒரு வரி அடித்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தமிழாகவே தெரிகிறதா? தெரிந்தால் நம்பி அடிக்கலாம்.

பழையதை எப்படி மாற்றுவது?

இதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் 'தமிழிணையம் ஒருங்குறி மாற்றி' இன்னொன்று. இவற்றைக் கணினியில் நிறுவி, இணையத் தொடர்பு இல்லாமலே மாற்றலாம். இணையத்திலேயே ஒட்டி மாற்றும் பக்கங்களும் உண்டு. பாட்டு, கட்டுரை என்றால் அதில் ஒட்டுங்கள். பத்திர நகல், உயில், ஆதார் எண் உள்ள மனு, வங்கி விவரம் ஆகியவற்றை முன்பின் தெரியாத பக்கத்தில் ஒட்ட வேண்டாம். அது யார் கணினிக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை நாலு. எங்கள் கடையில் ஆயிரம் தடவை பார்த்த விஷயங்கள் இவை.

முதலில், மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள்.

அடுத்தது, எந்த ஃபாண்ட் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஃபாண்டின் பெயர் தெரியும். கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும். வானவில்லை பாமினி என்று கொடுத்து மாற்றினால் முன்பு இருந்த குப்பை போய் வேறு குப்பை வரும்.

மூன்றாவதாக, நடுவில் இருக்கும் ஆங்கிலம். பாமினியில் ஆங்கிலமும் தமிழும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மாற்றிக்கு எது எது என்று பிரித்தறியத் தெரியாது. 'பி பிளாக்' என்பதில் உள்ள 'பி'யை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அதுவும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகிவிடும். பான் எண், வாகன எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் இப்படித்தான் கெடும். இலக்கங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். ஆங்கில எழுத்துகள் தப்பிக்காது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கடைசியாக, 'ஔ'. பழைய ஃபாண்டுகளில் 'கௌ' என்பதன் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுதான். அதனால் 'கௌசல்யா' என்பது 'கெ'யும் 'ள'வும் சேர்ந்ததாக மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உறுப்பினர் பட்டியலில் கௌசல்யா என்று தேடினால் அந்த அம்மா கிடைக்க மாட்டார்கள். கௌரி, சௌந்தரம், மௌலானா, ஔவை என்று நம் ஊர்ப் பெயர்களில் இது நிறைய வரும். மாற்றி முடித்ததும் இந்தப் பெயர்களை மட்டுமாவது ஒருமுறை திரும்ப அடித்துவிடுங்கள்.

கோப்பு போய்விட்டது, அச்செடுத்த தாள்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. தெளிவாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தில் இருக்கும் தமிழை எழுத்தாக எடுத்துத் தரும். அச்சு நன்றாக இருந்தால் பெருமளவு சரியாக வரும்.

எங்கிருந்து இறக்குவது?

இது கொஞ்சம் கசப்பான பகுதி. விசைப்பலகை மென்பொருள் மற்ற மென்பொருள் மாதிரி இல்லை. நாம் தட்டும் ஒவ்வொரு விசையும் அதன் கைவழியாகத்தான் போகும். கடிதமும் போகும், வங்கிக் கடவுச்சொல்லும் போகும். அதனால் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் பக்கம் அவர்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் தன் தளத்தில் ஏற்றி வைத்த நகலில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. "திறவுகோலோடு இலவசம்", "கிராக் பதிப்பு" என்று வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நல்ல பெயருள்ள மென்பொருளிலும் ஆபத்து நுழைந்திருக்கிறது. கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் உங்களில் பலருக்குத் தெரியும். 2017-இல் அதன் ஒரு பதிப்பிற்குள்ளேயே யாரோ தீய நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கே அது வந்து சேர்ந்தது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணினியில் அந்தப் பதிப்பு இருந்தது. கண்டுபிடித்ததும் நிறுவனம் சரிசெய்த பதிப்பை வெளியிட்டது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தேவையில்லாத மென்பொருளைச் சேர்க்காதீர்கள், இருப்பதை அவ்வப்போது புதுப்பியுங்கள், பயன்படுத்தாததை நீக்குங்கள். விண்டோஸில் உள்ள விசைப்பலகையே போதும் என்றால் தனி மென்பொருள் எதற்கு?

நம் சங்கம் செய்ய வேண்டியது

செயலாளர் ஐயாவிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். சங்க அலுவலகக் கணினியில் ஆரம்ப நாள் முதல் கூட்டக் குறிப்புகள், லிஃப்ட் ஒப்பந்தக் கடிதங்கள், குடிநீர் தொடர்பாக நகராட்சிக்கு அனுப்பிய மனுக்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பழைய ஃபாண்டில். அந்தக் கணினியும் பழையது, எந்த நாளும் நின்றுவிடலாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். முதல் ஞாயிறு எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து, ஃபாண்ட் வாரியாகப் பிரிப்போம். இரண்டாம் ஞாயிறு மாற்றுவோம். மூன்றாம் ஞாயிறு பிழை பார்ப்போம். மாற்றும் வேலைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் போதும். பிழை பார்ப்பதற்குப் பெரியவர்கள்தான் வேண்டும். பழைய தலைவர் பெயர் எப்படி எழுதுவார், எந்தத் தீர்மானம் எதற்காக வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

இனிமேல் சங்கத்திலிருந்து வரும் சுற்றறிக்கை, ரசீது, அறிவிப்பு எல்லாம் ஒருங்குறியில்தான் என்று இன்றைக்கே ஒரு தீர்மானம் போடுங்கள் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே டிடிபி கடையில் கொடுத்தாலும் "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள், கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் நான் வந்து பேசுகிறேன், எங்கள் ஆட்கள்தான்.

வீட்டில் பழைய கணினியை எடைக்குப் போடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பு ஒரு முறை உள்ளே தேடிப் பாருங்கள். பொருள் புரியாத ஆங்கிலமாகத் தெரியும் கோப்பு ஏதாவது இருந்தால் அழிக்க வேண்டாம். பென் டிரைவில் போட்டு மூன்றாவது மாடிக்குக் கொண்டு வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.